மறுப்பும் மாறிய நெறியும்: ‘போலியருட்பா மறுப்பு’ – ஒரு மீள்வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

இராமலிங்க அடிகளின் சன்மார்க்க இயக்கத்தை எதிர்த்து 1869இல் வெளிவந்த ‘போலியருட்பா மறுப்பு’, ஆறுமுக நாவலரின் தனிப்பட்ட பகையின் வெளிப்பாடாகவே பெரிதும் நினைவுகொள்ளப்படுகிறது. அக்கண்டனம் எழுந்த காலத்தில் அச்சில் கிடைத்த பாடல்கள் எவை, இயக்கம் எந்நிலையில் இருந்தது என்னும் இரு வினாக்களின் வழி இக்கட்டுரை அந்நூலை அணுகுகிறது. அடிகளைச் சைவத்துக்குப் புறம்பானவராகக் காட்டிய கண்டனத்தின் முடிவையும், சைவப் பற்றைத் தாம் விட்டதாக அடிகளே 1873இல் அறிவித்ததையும் ஒருசேர வைத்து நோக்குகிறது.

திறவுச்சொற்கள்: இராமலிங்க அடிகள், ஆறுமுக நாவலர், கண்டன இலக்கியம், திருமுறை, அச்சுப் பண்பாடு, பேருபதேசம்.

முன்னுரை

புதிதாக எழும் சமய இயக்கம் ஒன்றைக் கடுமையாக எதிர்ப்போர் பெரும்பாலும் அதற்கு மிக அருகில் நிற்பவர்களே. 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவிய இராமலிங்க அடிகளையும் (1823–1874), 1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலரையும் (1822–1879) பிணைத்தவை ஒரே தலமும் ஒரே தெய்வமும் ஒரே நூல்மரபும் ஆகும். இருவருக்கும் இடையே எழுந்த முரண், ‘அருட்பா – மருட்பா’ விவாதம் என்னும் பெயரில் தமிழ்க் கல்வியுலகில் நிலைத்துவிட்டது.

அந்நினைவில் முன்னிற்பது மஞ்சக்குப்பம் நீதிமன்றக் காட்சி. சிதம்பரம் கோயிலில் தம்மை இழிவாகப் பேசினர் என்று நாவலர் 1869இல் வழக்குத் தொடுத்தார். அடிகள் மன்றத்தினுள் வந்தபோது வாதியாகிய நாவலரே எழுந்து வணங்கினார் என்பது சன்மார்க்க அன்பர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி. யாழ்ப்பாணத்து நாவலர் சரித மரபு அவ்வழக்கை வேறு வகையில் கூறுகிறது. எக்கதையை ஏற்பினும் விளைவு ஒன்றே: வழக்கின் வெற்றி தோல்வியைப் பேசும் முனைப்பில், கண்டனம் எழுப்பிய வினாக்கள் பின்தள்ளப்பட்டன. ப. சரவணன் இருதரப்புக் கண்டனங்களையும் தொகுத்துப் பதிப்பித்த பின்னர், அவ்வினாக்களை மூலநூல்களிலிருந்தே ஆராயும் வாய்ப்பு ஏற்பட்டுள்ளது.

பெயரும் அதிகாரமும்

1867இல் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சேறின. ‘திருவருட்பா’ என்னும் நூற்பெயர், ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்னும் ஆசிரியர் பெயர், ‘திருமுறை’ என்னும் பகுப்பு ஆகிய மூன்றும் தொழுவூர் வேலாயுத முதலியார் அமைத்தவை. ‘இராமலிங்கசாமி’ என்று தம் பெயரை வழங்குவதற்கும் தமக்கு உடன்பாடில்லை என அடிகள் இறுக்கம் இரத்தின முதலியாருக்குக் கடிதம் எழுதியிருந்தார். தம்மைச் ‘சிதம்பரம் இராமலிங்கம்’ என்று மட்டுமே குறித்துவந்தவர் அவர்.

‘போலியருட்பா மறுப்பு’ இந்தப் பெயரீட்டையே முதன்மையாகத் தாக்குகிறது. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகியவையே அருட்பாக்கள். அவற்றின் பெயரையும் தகுதியையும் சமகாலத்தவர் ஒருவரின் பாடல்களுக்கு வழங்குவது தகாது என்பது அதன் வாதம். இவ்வாதத்தைப் பொறாமை என்று ஒதுக்குவது எளிது. எனினும் அதனுள் உண்மையான சிக்கல் ஒன்று உள்ளது. ஒருவர் வாக்கை இறையருளின் வாக்கு என்று உறுதிசெய்ய வல்லவர் யார்? முன்னைத் திருமுறைகளுக்குக் கோயில் வழிபாடும் நம்பியாண்டார் நம்பியோடு இணைத்துப் பேசப்படும் தொகுப்பு மரபும் நெடுங்கால ஓதுதலும் சான்றாக நின்றன. புதிய திருமுறைக்கோ ஒரு மாணாக்கரின் பற்றும் ஓர் அச்சுக்கூடமும் போதுமானவையாயின. அச்சுத் தொழில்நுட்பம் நூலுக்குப் பரவலைத் தருவதோடு புனிதத்தையும் தந்துவிடக்கூடும் என்பதை, தாமே அச்சுக்கூடம் நடத்திய நாவலர் பிறரினும் முன்னதாக உணர்ந்திருக்க வேண்டும்.

கண்டனத்தின் வலிமையும் வழுவும்

நாவலர் இந்த எழுத்துமுறையைப் பயின்றது கிறித்தவ மறைபரப்பாளரோடு நிகழ்த்திய சொற்போர்களில். 1854இல் வெளிவந்த ‘சைவதூஷண பரிகாரம்’ அம்முயற்சியின் முக்கியமான நூலாகும். எதிர்த்தரப்பின் கூற்றை எடுத்துக்கொண்டு நூற்சான்று காட்டி மறுத்தல், முரண்களை அடுக்குதல், எள்ளல் என்னும் உத்திகள் அங்கே கூர்மை பெற்றன. புறச்சமயத்தாரை நோக்கி வடிக்கப்பட்ட அக்கருவி, பதினைந்து ஆண்டுகளில் சைவத்தின் உள்ளிருந்து எழுந்த ஓர் இயக்கத்தின்மீது திருப்பப்பட்டது.

இந்த இடமாற்றத்திலிருந்தே நூலின் வழுவும் தோன்றுகிறது. புறச்சமயக் கண்டனத்தில் எதிராளியின் கொள்கை வரையறுக்கப்பட்ட ஒன்றாக முன்னிற்கும். அதை மறுத்தால் போதும். இங்கோ கொள்கை இன்னும் உருவாகிக்கொண்டிருந்தது. ஆகவே கண்டனம் கொள்கையை விட்டு ஆளைப் பற்றிக்கொள்கிறது. அடிகளின் கல்வி, ஒழுகலாறு, அவரைச் சூழ்ந்து பேசப்பட்ட அற்புதங்கள் ஆகியவை ஏளனத்துக்கு உள்ளாகின்றன. மாணாக்கர் ஏற்றிச் சொன்னவையும் அடிகள் தாமே சொன்னவையும் போதிய அளவு பிரித்துக் காட்டப்படவில்லை. ‘அருட்பா’ என்று பெயரிட்டவர் வேலாயுத முதலியாராக இருக்க, அப்பெயருக்கான பழி பாடியவர்மேலும் சுமத்தப்படுகிறது. பெயரை இறுதியில் அடிகள் மறுக்கவில்லை என்று நாவலர் தரப்பில் விடை கூறலாம். அவ்விடைக்கு வலிமை உண்டு. ஆயினும் மௌனத்தையும் உரிமைகோரலையும் ஒரே குற்றமாக எண்ணுதல் நேரிய திறனாய்வாகாது.

அச்சுக்கு வாராத பாடல்கள்

இவ்விடத்தில் காலவரிசை இன்றியமையாததாகிறது. 1869இல் வாசகர் கையில் இருந்தவை பெரும்பாலும் திருவொற்றியூர், தில்லை முதலிய தலங்களைப் போற்றும் பத்திப் பனுவல்களே. சாதி, சமயம், சாத்திரம் ஆகியவற்றைக் கடுமையாக மறுக்கும் பாடல்களைக் கொண்ட ஆறாம் திருமுறை 1885இல்தான் அச்சேறியது. அப்போது அடிகள் மறைந்து பதினோரு ஆண்டுகளும் நாவலர் மறைந்து ஏறத்தாழ ஆறு ஆண்டுகளும் கடந்திருந்தன. அதாவது, இன்று புரட்சிகரமானது என்று நாம் போற்றும் வள்ளலாரை நாவலர் அச்சில் படித்தவரல்லர்.

இயக்கமும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பட்டது. 1872இல் சத்திய ஞானசபை வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ‘சமரச வேத சன்மார்க்க சங்கம்’, ‘சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்’ ஆயிற்று. சங்கத்தின் பெயரிலிருந்து ‘வேத’ என்னும் சொல் நீங்கியது தற்செயலாகத் தோன்றவில்லை. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் ஆற்றிய பேருபதேசத்தில் அடிகள் வேதம், ஆகமம், புராணம் முதலியவற்றில் இலட்சியம் வைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தினார். சைவத்தில் தாம் முன்பு கொண்டிருந்த அளவற்ற பற்றுக்குத் தம் பாடல்களையே சான்றாகக் காட்டி, அந்நிலையைத் தம் அறிவு சிறிதாயிருந்த காலத்தோடு இணைத்துப் பேசினார்.

இக்கூற்றின் விளைவு இருதரப்புக்கும் சங்கடமானது. முதல் திருமுறைகள் சைவ அருட்பாக்கள் ஆகா என்றது ஒரு தரப்பு. அவை அருட்பாக்களே என்றது மறுதரப்பு. பாடியவரோ அவற்றில் வெளிப்பட்ட சமயப் பற்றையே தாம் கடந்துவிட்டதாக அறிவித்தார். அடிகள் சைவ வரம்புக்குள் அடங்காதவர் என்னும் நாவலரின் முடிவு, நான்கே ஆண்டுகளில் அடிகளாலும் வேறொரு நோக்கில் மெய்யாக்கப்பட்டது. நாவலருக்கு அது பிறழ்வு. அடிகளுக்கு அது ஏற்றம். இவ்வொப்புமையைக் கொண்டு கண்டனமே அடிகளை வெளியேற்றியது என்று காரணகாரியம் கற்பிப்பது பொருந்தாது. ரிச்சர்ட் வைஸ் (2019) காட்டுவதுபோல, அடிகளின் புதுமை சைவ மரபின் உள்வளங்களிலிருந்தே கிளைத்தது. அவ்வாறு கிளைத்தது மரபின் வேலியைத் தாண்டும் என்பதை அன்பர்களைவிடக் கண்டனக்காரர் முன்னரே கண்டுகொண்டார் என்பதே இங்குக் கருதத்தக்கது.

இரண்டாம் கட்டம்

1903–04 ஆண்டுகளில் விவாதம் மீண்டும் மூண்டது. நா. கதிரைவேற்பிள்ளை மருட்பாத் தரப்பிலும், மறைமலையடிகளும் செய்குத்தம்பிப் பாவலரும் அருட்பாத் தரப்பிலும் நின்றனர். சைவப் பாடல்களின் அருள்நிலையை நிறுவ ஓர் இசுலாமியப் புலவர் மேடையேறியது, சன்மார்க்கம் பேசிய சமரசத்துக்கு வாதங்களினும் சிறந்த சான்று எனலாம். இதற்குள் ஆறாம் திருமுறை அச்சில் வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாறிருந்தும் விவாதம் ‘அருட்பாவா, மருட்பாவா’ என்னும் பழைய பெயர்ச்சிக்கலையே சுற்றிவந்தது. சாதி மறுப்பும் சாத்திர மறுப்பும் உரிய விமரிசனத்தைப் பெறவில்லை. 1869இல் பனுவல் இல்லாமையால் நேர்ந்த குறையை 1904இல் பனுவல் இருந்தும் தொடர்ந்தனர் என்பதால், இரு கட்டங்களையும் ஒரே விவாதமாக எண்ணிவிடுதல் தகாது.

முடிவுரை

வள்ளலாரின் பிறந்தநாள் இன்று தமிழ்நாடு அரசால் ‘தனிப்பெருங்கருணை நாள்’ எனக் கொண்டாடப்படுகிறது. ஓர் இயக்கம் இத்தகைய ஏற்பைப் பெற்றபின் அதன் பழைய கண்டனங்கள் அறியாமையாகவோ அழுக்காறாகவோ மட்டும் தோற்றமளிப்பது இயல்பு. ஆய்வு அத்தோற்றத்தோடு நின்றுவிடலாகாது. கண்டனம் எழுந்த நாளில் எப்பனுவல் கிடைத்தது, நிறுவியவர் கூற்று எது, அன்பர் கூற்று எது, கண்டித்தவர் எந்த அதிகாரத்தைக் காக்க முனைந்தார் என்னும் வினாக்களை அது எழுப்ப வேண்டும். இவற்றைக் கொண்டு நோக்கின், ‘போலியருட்பா மறுப்பு’ ஆளைத் தாக்கிய இடங்களில் பிழைபட்டது. அதிகாரத்தை வினவிய இடத்தில் இன்றும் விடை வேண்டி நிற்கிறது. அவ்வினாவை மதித்துப் படிப்பதால் வள்ளலாரின் பெருமை குறைவதில்லை. மரபுக்குள் அவரை மீண்டும் அடக்கிவிடும் எளிய போற்றுதலைக் காட்டிலும், அவர் எத்துணைத் தொலைவு கடந்து சென்றார் என்பதை அவ்வாசிப்பே தெளிவாக உணர்த்துகிறது.