உப்பு அள்ளியாச்சு, வரி என்னாச்சு?

ஒரு காந்தி ஜெயந்தி அன்று, அதிராம்பட்டினத்தில் உப்பளம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, அட்டன்பரோவின் ‘காந்தி’ (1982) பார்த்தேன். அஞ்சாறு தடவை பார்த்த படம்தான். திரையில் காந்தி தண்டியில் உப்பை அள்ளியதும் பெரியவர் கேட்டார்: ‘‘அள்ளிட்டாரு, சரி. வரி என்னாச்சு தம்பி?’’

எட்டு ஆஸ்கர் வாங்கிய, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் இதற்குப் பதில் இல்லை!

பி.காம். படித்தவன் என்பதால் கணக்கு எனக்கும் உறுத்தியது. அன்றைக்கு ஒரு மணங்கு உப்புக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, ஒண்ணேகால் ரூபாய் வரி. 1931 மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தம் வந்தபோது கடற்கரை கிராமத்து ஜனங்கள் வீட்டுச் செலவுக்கு உப்பு எடுக்கலாம், அக்கம்பக்கத்தில் விற்கலாம் என்று சலுகை கிடைத்தது. வரி அப்படியேதான் இருந்தது.

தர்சனா தடியடிக் காட்சியில் அட்டன்பரோ பெரிய டைரக்டர், மறுக்கவே முடியாது. ஆனால், அந்தத் தடியடி நடந்த 1930 மே மாதம் லண்டனில் ஆண்டுகொண்டிருந்தது யார்? தொழிலாளர் கட்சி! பாட்டாளிகளின் கட்சி ஆட்சியில்தான் இந்தியக் கூலிகளின் மண்டை உடைந்தது. இந்த முரண்பாடு ஒன்று போதாதா நாலு சீனுக்கு? படத்தில் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் ஒரே கட்சி மாதிரி வருகிறார்கள்.

வட்டமேஜைக் காட்சியில் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு வந்து போகிறார். காந்தி லண்டனில் இறங்குவதற்கு மூன்று வாரம் முன்புதான், 1931 ஆகஸ்டில், அவர் சொந்தக் கட்சியை விட்டுவிட்டு கன்சர்வேட்டிவ்களோடு சேர்ந்து ‘தேசிய அரசு’ அமைத்திருந்தார். அக்டோபர் தேர்தலில் அந்தக் கூட்டணிக்கு 554 இடம். தொழிலாளர் கட்சிக்கு வெறும் 52. பேச வந்தவருக்கு எதிரே இருந்த மேஜையே மாறிவிட்டது. காந்தி வெறுங்கையோடு திரும்பிய கதையில் இதற்கும் ஒரு பங்கு உண்டுதானே?

அதே மாநாட்டில் நம்ம தஞ்சாவூர் ஜில்லாக்காரர், ஜஸ்டிஸ் கட்சியின் ஏ.டி.பன்னீர்செல்வமும் உட்கார்ந்திருந்தார். ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து 1930 ஏப்ரல் 30-ல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளியதே படத்தில் கிடையாது; இவரை எங்கே தேட?

‘‘வரியை எடுத்தது 1947-லதான்’’ என்றேன் பெரியவரிடம்.

‘‘பதினேழு வருஷமா?’’ என்றவர், டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.