மேட்டுக்கு முன்னால் விலகுபவர்

சைக்கிளில் மண்மேடுகளைத் தாவும் டர்ட் ஜம்ப் போட்டி பார்க்கும் நம் ஆட்கள் ஒரு காட்சிக்கு மட்டும் தவறாமல் உச்சுக் கொட்டுவார்கள். முதல் மேட்டிலிருந்து பறந்து இறங்கிய வீரர், இரண்டாவது மேட்டின் ஏற்றம் நெருங்கும்போது ஹேண்டில்பாரை ஒடித்து வரிசையை விட்டு வெளியேறிவிடுவார். "பயந்துட்டான்" என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நான் அந்த வீரரின் கட்சி. அந்த ஓட்டத்தில் அவர் எடுத்த மிகச் சரியான முடிவு அதுதான்.

மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே பெடல் மிதிக்க நேரமில்லை. கியர் ஒன்றுதான், சீட் தாழ்ந்து கிடக்கும். இறக்கத்தில் உடம்பை அழுத்திச் சம்பாதிக்கும் வேகம்தான் அடுத்த தாவலுக்கான மொத்தக் கையிருப்பு. ஏற்றம் 30 பாகை சாய்வு என்று வையுங்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் காற்றில் சுமார் 4.25 மீட்டர் போகலாம். அதுவே 22 என்றால் 3.3 மீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாத 3 கிலோமீட்டர் குறைவு, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தூரத்தை விழுங்கிவிடுகிறது. முதல் இறக்கத்தில் பின்சக்கரம் கொஞ்சம் முன்னதாகவே முட்டியதை நாம் கவனிப்பதில்லை. அவருடைய கால்களுக்கு அது தெரியும். ஒரு நொடிக்குள் கணக்குப் போட்டு விலகுகிறார்.

எனக்குப் பிடித்த வீரர் ஒருவர் இதைப் பலமுறை செய்திருக்கிறார். இரண்டு ஓட்டங்களில் சிறந்ததை மட்டும் கணக்கில் எடுக்கும் போட்டிகளில், முதல் ஓட்டத்தை இப்படி விட்டுவிட்டு வருவார். வர்ணனையாளர் குரல் தாழ்ந்துவிடும். அடுத்த ஓட்டத்தில் முதல் மேட்டிலேயே உடம்பை இன்னும் ஆழமாக அழுத்துவார். மீதி மேடுகள் தானாக வந்து சேரும். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குக் கபடியைச் சொன்னால் போதும். பாக் லைனைத் தாண்டிவிட்டு வெறும் கையோடு திரும்பும் ரெய்டரை நாம் கோழை என்கிறோமா?

விலகுவதற்கு இடம் வேண்டுமே! அங்கேதான் மேடு கட்டுபவர் வருகிறார். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே குழி விடுவது டபுள். மண்ணை நிரப்பி மேசைபோலச் சமப்படுத்தினால் டேபிள்டாப். டபுளில் தூரம் குறைந்தால் சைக்கிளோடு எலும்பும் போகும். டேபிள்டாப்பில் புதிதாக வந்த சிறுமி உருட்டிக்கொண்டே போகலாம், நடுத்தர வீரர் மேசையிலேயே இறங்கலாம், தேர்ந்தவர் முழுதும் தாண்டலாம். ஒரே மேடு மூவருக்கும் வேலை செய்கிறது. கனடாவின் விஸ்லர் பைக் பார்க்கில் உலகப் புகழ் பெற்ற ஏ-லைன் பாதை பெரும்பாலும் டேபிள்டாப்களால் ஆனதுதான். அதை யாரும் குழந்தைகள் பாதை என்று சொல்வதில்லை. நம் ஊர் ரசிகர்கள் மட்டும் குழி இருந்தால்தான் வீரம் என்கிறார்கள். எனக்கு இதில் கடுமையான கோபம் உண்டு.

நல்ல பூங்காவில் ஒரே தொடக்க மேட்டிலிருந்து சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று வரிசைகள் அருகருகே இறங்க வேண்டும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் பக்கவாட்டில் தடையில்லாத சமதளம் இருக்க வேண்டும். இறக்கத்தின் சாய்வு, பறந்து வரும் பாதையோடு ஒட்டிப்போக வேண்டும். உயரத்திலிருந்து தட்டையான தரையில் விழுந்தால் மணிக்கட்டும் கணுக்காலும் உடையக்கூடும்.

கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரம் பக்கம் இப்படியொரு பூங்காவைக் கட்ட முடியுமா என்று கேட்பவர்களுக்கு: மண்ணைப் பற்றி நமக்கு யார் பாடம் எடுப்பது? பக்கத்தில் விருத்தாசலம் செராமிக் பேட்டை. அகல் விளக்கும் பொம்மையும் பியூஸ் கேரியரும் செய்யும் கைகளுக்கு, களிமண் எந்த ஈரத்தில் பிடிக்கும், எப்போது வெடிக்கும் என்பது தெரியும். வெறும் களிமண் கோடையில் பிளக்கும், மழையில் வழுக்கும். மணல் மிஞ்சினால் முதல் மழையிலேயே கரையும். இரண்டையும் கலந்து, லேசான ஈரத்தோடு அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கி, மேசைக்கு நீர் வடியும் சாய்வு கொடுத்து, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தார்ப்பாய் மூடினால் நிற்கும்.

என் கணிப்பைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் பத்து ஆண்டில் புதிய பூங்காக்களில் டபுள் ஓரத்து வரிசைக்கு ஒதுங்கும். தமிழ்நாட்டிலிருந்து வரப்போகும் முதல் பெரிய டர்ட் ஜம்ப் வீரர், குழி தாண்டிப் பழகியவராக இருக்கமாட்டார். டேபிள்டாப்பில் ஆயிரம் தடவை குறைவாக இறங்கி, வேகத்தைக் காலால் படிக்கக் கற்றவராக இருப்பார். பெரிய மேடையில் முதல் ஓட்டத்தில் அவர் விலகுவார். அன்றைக்கு உச்சுக் கொட்டாதீர்கள். இரண்டாவது ஓட்டம் முடியும்வரை உட்கார்ந்து பாருங்கள்.