பெயர் சொல்லாத ஒப்பாரி

‘என்ஜாய் எஞ்சாமி’யைக் குறை சொன்னால் உடனே வரும் பதில், ஒப்பாரியை உலகம் கேட்க வைத்த பாட்டு அது, அதற்குமேல் என்ன வேண்டும் என்பதுதான். 2021 மார்ச்சில் வெளிவந்த நாளிலிருந்து யூடியூப் பார்வைக் கணக்கைக் காட்டி இதையே சொல்கிறார்கள். எனக்கு இது போதவில்லை.

பாடிய இருவரில் அறிவின் சொல்வேகமும் தீயின் கனத்த குரலும் முதல்தரம். நாட்டுப்புறத் தாளத்தை ராப்போடு சேர்த்ததில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனுக்கு எங்கும் கை நடுங்கவில்லை. எங்கள் பட்டாபிராமைத் தாண்டிப் போகும் ரயில் அறிவின் ஊரான அரக்கோணத்துக்குத்தான் போகிறது. அறிவு எங்கள் தடத்துப் பிள்ளை என்ற பெருமை எனக்கும் உண்டு.

பாட்டுக்கு மூலம் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் திரும்பியவர். 1948-இல் இலங்கையின் ஒரு சட்டம் அந்தத் தோட்டங்களின் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல், 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. அமித் கிருஷ்ணன் இயக்கிய காணொளியில் இது எங்கே? பச்சைக் காடு, பகட்டான உடை, ஆடும் கூட்டம், ஏதோ ஒரு குலத்தின் தலைவர்களைப் போலத் தீயும் அறிவும். வள்ளியம்மாளும் திரையில் வருகிறார். ஆனால் எந்தத் தோட்டம், எந்த ஒப்பந்தம், நிலத்தை வைத்துக்கொண்டது யார் என்று படம் சொல்வதே இல்லை.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் ஆயாவைக் கேட்டவர்களுக்கு இந்தக் குறை புரியும். மூச்சு முடிகிற இடத்தில் வரியை இழுத்து நிறுத்துவார். செத்தவரை முறை சொல்லிக் கூப்பிட்டு, பங்காளி செய்த வஞ்சனையை அவன் காதில் விழும்படியே போட்டு உடைப்பார். அழுகைக்குள் வழக்கும் நடக்கும். இந்தப் பாட்டில் நட்டவளுக்கே விளைச்சல் எட்டாத கதை பிற்பகுதியில்தான் வருகிறது. நெஞ்சு அடைக்கத் தொடங்கும்போதே பல்லவி வந்து ஆடக் கூப்பிடுகிறது. எங்கள் பக்கத்து சி.டி.எச். சாலை மண்டபங்களில் கல்யாண வரவேற்புக்கு இதைப் போடும்போது, அந்தப் பகுதி வருமுன்பே அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறார்கள். போடுகிறவர் மேல் எனக்குக் கோபமில்லை. அப்படி வெட்டினாலும் ஒன்றும் குறையாதபடிதான் பாட்டைக் கட்டியிருக்கிறார்கள்.

பிறகு யாருக்குப் பெயர் என்ற சண்டை வந்தது. 2021-இல் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அறிவை விட்டுவிட்டார்கள்; அவருக்காக இயக்குநர் பா. ரஞ்சித் கேட்டது நியாயமான கேள்வி. 2022 ஜூலை 28-இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் தீயோடு மேடையேறியவர் பாடகி கிடாக்குழி மாரியம்மாள், அறிவு இல்லை. இந்தச் சண்டையில் பேசாத ஆளில்லை. மலையகத்தைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனை பேர்?

நிலம் பறிபோனவர்களின் பாட்டு, பிரதமர் தொடங்கிவைத்த அந்த அரசு விழாவில் ஒலித்தது. அங்கே யாருக்கும் அது உறுத்தவில்லை. ஆயா ஒப்பாரி வைக்கும் வீட்டில் அந்தப் பங்காளி அப்படி நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடியாது.