பெயின்ட் பெயர்ந்த இடத்தில் ஒரு துளி

முன்னால் போகும் லாரியின் சக்கரம் தெறிக்கவிடும் சிறு ஜல்லிதான் பெரும்பாலும் கார் பானெட்டின் முன்விளிம்பில் பெயின்ட்டைப் பெயர்க்கிறது. பூச்சு மொத்தமே ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமன்; அதற்குள் பிரைமர், நிறம், மேலே கிளியர் கோட் என்று அடுக்குகள். தகரம் தெரிந்துவிட்டால் துரு ஏறும், தள்ளிப்போடக் கூடாது.

நிறத்தின் குறியீட்டு எண் பல கார்களில் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். அதைச் சொல்லி டச்-அப் பெயின்ட் வாங்கலாம். சோப்பு நீரில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மெழுகைத் துடைத்து, துருவை உப்புத்தாளால் தேய்த்தெடுத்த பிறகே பிரைமர்.

நிறம் வைப்பதுதான் இந்த வேலையின் அழகு. குப்பியோடு வரும் பிரஷ் பெரும்பாலும் தடிமன். பல்குத்தும் குச்சியின் நுனியே போதும். பள்ளத்தின் நடுவில் துளி வைத்தால் அது தானாகவே விளிம்புவரை பரவி நிற்கும். காய்ந்ததும் சற்றே வற்றும். மேலே இன்னொரு துளி. அவசரப்பட்டு ஒரேயடியாக நிரப்பினால் மேடு தட்டும். மெட்டாலிக் நிறத்தில் அலுமினியத் துகள்கள் அடியில் படிந்துவிடுவதால் குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும். அப்படியும், ஸ்பிரேயில் படிவதுபோல் அவை படியாததால் வெயிலில் லேசான வித்தியாசம் தெரியும். அதைக் குறையென்று சொல்ல முடியாது.

அதன்மேல் கிளியர் கோட். அது நன்கு இறுகியபின் 2000 எண் உப்புத்தாளை நனைத்து மெல்லத் தேய்த்து, பாலிஷ் போடலாம்.