மரை வேட்டை: நமது தரப்பும் நமது தரமும்

விக்டோரியக் காடுகளில் மரை வேட்டையின் மரபுகளைப் பற்றி எழுதும்படி நமது சங்கத்தின் மலர்க்குழு கேட்டது. யார் யாரிடம் பழகினார்கள் என்பது அங்கத்தவர்களுக்குத் தெரியும். அதை நான் அடுக்கப் போவதில்லை. ஜிப்ஸ்லாந்துக் கரையோரப் பன்றிமான் வேட்டையும் ஏப்ரல் ஒரு மாதத்தோடு முடிகிற தனி உலகம். அதை அறிந்தவர்கள் எழுதட்டும்.

நாய்க்காரருக்கு முதல் மரியாதை. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை அவர்கள் காலம். பீகிள்கள் மோப்பம் பிடித்துத் துரத்த, மரை எந்த மலைமுதுகை எந்த இடத்தில் கடக்கும் என்று முன்பே கணித்துத் துவக்கோடு நிற்பது லேசான வேலையில்லை. களைத்த கலை (ஆண் மரை) ஓடைக்குள் இறங்கித் திரும்பி நாய்களை எதிர்த்து நிற்பதைக் கண்டவர்கள், அவர்களைக் கேலி பேசமாட்டார்கள். நம் தரப்பில் சிலர் பேசுகிறார்கள், அது அநியாயம்.

நம் தரப்பு, அதாவது தனியே நடப்போர் தரப்பு, பெரியண்ணையோடு தொடங்குகிறது. அவர் இலங்கையில், வன்னியில் வேட்டை பழகியவர். அங்கே கோடையில் குளம் வற்ற வற்ற, மிஞ்சிய தண்ணிக்கு எல்லாம் வந்தாக வேண்டும். காற்றுப் பார்த்துப் பரணில் இருந்தால் போதும். விக்டோரியாவின் ஹௌகுவாவிலோ டார்கோவிலோ பள்ளத்துக்குப் பள்ளம் ஓடை. தண்ணியைக் காவல் காத்து இங்கே பயனில்லை. விலங்கு மட்டும் பழைய விலங்குதான்: 1860களில் இங்கே விடப்பட்ட மரைகளில் இலங்கையிலிருந்து வந்தவையும் உண்டு.

ஆகவே அவர் காற்றைப் புதிதாகப் படித்தார். விடியுமுன் குளிர்காற்று சரிவில் இறங்கும்போது கீழிருந்து ஏறு. வெயில் பட்டுக் காற்று மேலே திரும்புமுன் முதுகுக்குப் போய்விடு, பிறகு மேலிருந்து பார். குளிர்கால வெயில் இந்நாட்டில் வடக்குச் சரிவில் விழும். மரை அங்கேதான் பன்னத்துக்குள் படுத்துக் காயும். சேற்றுக் குழியும், கொம்பு தேய்த்த செரி பல்லார்ட் மரமும், கலை பின்கால்களில் எழுந்து மணம் பூசிய மேற்கிளையும் அது வந்துபோனதைச் சொல்லும். இப்போது எங்கே நிற்கிறது என்று சொல்லமாட்டா.

பத்தடி வைத்தால் ஒரு சுருட்டு எரிகிற நேரம் நிற்க வேண்டும் என்பது அவர் விதி (சுருட்டுக் கொளுத்த விடமாட்டார்). நடப்பவனை மரை அசையாமல் நின்று கடந்துபோக விடும். நீ நின்றுவிட்டால் அதற்குத்தான் பொறுமை கெடும், காதொன்று திரும்பும். முழு மரையைத் தேடாதே, பின்னங்கால் மடிப்பைத் தேடு என்பார். மற்றவர்கள் 30 அங்குலக் கொம்பை அளக்க, அவர் கேட்பது ஒன்றே: மரை முதலில் கத்தியதா? கத்தியிருந்தால், விழுத்தினாலும் அவர் கணக்கில் அது வேட்டையில்லை.

இன்றைய இளையோரைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. வேலை, பிள்ளைகள், கிடைப்பது சனிக்கிழமை மட்டும். வெப்பம் காட்டும் கண்ணாடியும் மரத்தில் கட்டிய கமராவும் தம்மளவில் பிழையில்லை. ஆனால் சட்டம் .270 குழலும் 130 கிரெயின் சன்னமும் குறைந்தபட்சம் என்கிறதே, சுட்ட பிறகு தேடும் பொறுமைக்கு யார் குறைந்தபட்சம் வைப்பது? மரைத்தோல் தடிப்பு, நல்ல வெடியிலும் முதலில் இரத்தம் சொட்டாது. கொஞ்சத் தூரம் பார்த்துவிட்டு, தவறிவிட்டது என்று காருக்குத் திரும்புகிறார்கள். கார்க் கதவை அடித்துச் சாத்துகிறார்கள். வாசனைச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுக் காட்டுக்கு வருகிறார்கள். கொம்போடு படம் பிடித்துவிட்டு இறைச்சியில் பாதியைக் காட்டிலே விடுகிறார்கள். முகாமில் கறிச்சட்டி கழுவ ஆளில்லை. போன வருட ஒன்றுகூடலில், மரை வேட்டைச் சங்கத்தின் ஒன்றுகூடலில், கடையில் வாங்கிய ஆட்டிறைச்சிக் கறி பரிமாறப்பட்டது! அதுவும் உறைப்பில்லாமல். கேட்டபோது, மரை அவிய நேரமெடுக்கும் என்றார்கள்.

இவ்வருடச் சமையலுக்குப் பொறுப்பு யாரென்பதைச் செயலாளர் முன்கூட்டியே அறிவிக்கட்டும். முழுத் தொடை ஒன்று என் உறைபெட்டியில் இருக்கிறது. முதல் நாளே வந்து எடுத்துப் போகலாம்.