நற்செய்தியின் நிலம்

பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான் 1860-61ஆம் ஆண்டுகளில் லெபனானிலும் பாலஸ்தீனத்திலும் பயணம் செய்தார். 1863இல் 'இயேசுவின் வாழ்க்கை' என்னும் நூலை வெளியிட்டார். திருச்சபை அதனைத் தடைநூற் பட்டியலில் சேர்த்தது. அந்நூலை இன்று நம்மில் படிப்பார் அரியர். ஆயினும் இயேசு நடந்த நிலத்தை 'ஐந்தாம் நற்செய்தி' என அவர் குறித்த தொடர் மட்டும் அழியவில்லை. திருப்பயண விளம்பரத் தாள்களிலும் மறையுரைகளிலும் அது தயக்கமின்றி வழங்குகிறது. அது யாருடைய சொல் என்று அறிந்தால் சிலர் திடுக்கிடக்கூடும்.

அவர் நிலத்தைப் பார்த்தார் என்பதில் நமக்குக் குறையில்லை. பார்த்த விதத்திலேதான் குறை. அவருடைய கலிலேயா ஒரு மலர்ச்சோலை. யூதேயாவோ வறண்ட கற்காடு. இனிய ஏரிக்கரை இனிய போதகரை ஈன்றது, வறண்ட நகரம் அவரைக் கொன்றது என்னும் அளவுக்கு அங்கே நிலமே எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது. மீட்புக்கு வேலையில்லாமற் போகிறது. ரெனானின் நடை அழகியது. அந்த அழகே வாசகரை ஏமாற்றுகிறது.

நற்செய்தியாளர்களோ இயற்கையை வருணிப்பவர்களே அல்லர். அதனாலேயே அவர்கள் சிந்தும் ஒரு சொல்லும் கனமுடையதாகிறது. அப்பம் பலுகிய நிகழ்ச்சியில் மாற்கு மக்களைப் 'பசும்புல்' மீது அமரச் செய்கிறார் (6:39). சற்று முன்னர் அதே இடத்தைப் பாலைநிலம் என்றார். முரண்பாடா? பாலை என்றதும் மணற்காட்டை எண்ணிக்கொள்வது நம் பழக்கம். ஆனால் முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்த நிலையே பாலை எனச் சிலப்பதிகாரம் காட்டுவதை நினைவுகூர்ந்தால் முடிச்சு அவிழ்கிறது. மாற்கின் கிரேக்கச் சொல்லும் மணலைக் குறிப்பதன்று. ஆளரவமற்ற இடத்தையே குறிக்கிறது. பாலஸ்தீனத்தில் மழை ஏறத்தாழ அக்டோபர் முதல் ஏப்ரல் வரையே. மே மாதம் வந்தால் புல் கருகிவிடும். ஆகவே பசும்புல் என்ற சொல் இளவேனிலைச் சொல்கிறது. இளவேனில் பாஸ்காவைச் சொல்கிறது. மாற்கு சொல்லாமல் விட்டதை யோவான் வெளிப்படையாகவே எழுதுகிறார்: பாஸ்கா விழா அண்மையில் இருந்தது (6:4). அப்பத்தைப் பிட்ட கைகளுக்குப் பின்னால் சிலுவையின் நிழல் விழுவதை ஒரு புல்லின் நிறம் நமக்கு உணர்த்திவிடுகிறது.

புனித இஞ்ஞாசியார் இதனை அறிந்தவர். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூல், கிறிஸ்து பிறப்புத் தியானத்தில் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குச் செல்லும் வழியை மனக்கண்ணால் பார்க்கச் சொல்கிறது: எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், சமவெளியா, மேடுபள்ளமா? 1523இல் எருசலேமில் இருந்தபோது, ஆண்டவரின் திருவடிச் சுவடுகள் எனப் போற்றப்படுபவை எத்திசை நோக்கியவை என்று மீண்டும் காண்பதற்காக அவர் தனியே ஒலிவமலைக்கு ஓடினார். காவலர்க்குத் தம்மிடமிருந்த சிறு பொருள்களைக் கையூட்டாகத் தந்தே உள்ளே சென்றார். அத்துணை ஆவலுடன் நிலத்தைக் கண்டவர், தம் நூலில் அதனை வருணிக்கவே இல்லை. கேள்வியை மட்டும் தியானிப்பவரிடம் விட்டுவிடுகிறார். ரெனானுக்கும் இவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நம் தேம்பாவணியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வீரமாமுனிவர் யூதேயாவுக்குத் தமிழ்க் காப்பிய மரபின்படி நீர்வளமும் வயல்வளமும் வழங்கினார். அதனால் யோசேப்பு நமக்கு உறவினர் ஆனார், அது பெரும்பேறு. ஆனால் நீர் பெருகும் நாட்டில் சமாரியப் பெண்ணிடம் கேட்ட தண்ணீரின் அருமை எங்ஙனம் விளங்கும்? காப்பியத்தைக் காப்பியமாகச் சுவைப்போம். தியானத்துக்கு வேறு நிலம் வேண்டும்.

எரிகோ சாலையை எடுத்துக்கொள்வோம் (லூக் 10:30-37). எருசலேம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர். எரிகோ கடல்மட்டத்துக்குக் கீழ் ஏறத்தாழ 250 மீட்டர். இருபத்தேழு கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டர் சரிவு. வழி நெடுக வளைவுகள், குகைகள், கள்வர் பதுங்கத்தக்க பாறைகள். அடிபட்டவர் 'இறங்கிக்கொண்டிருந்தார்' என்கிறது கிரேக்க மூலம். குருவுக்கும் லூக்கா அதே வினைச்சொல்லைத் தருகிறார். 'போனார்', 'வந்தார்' என்று படித்து நகர்ந்துவிட்டால் இழப்பு பெரிது. குரு கோவிலுக்கு ஏறிச் செல்லவில்லை. அங்கிருந்து இறங்கி வருகிறார். பிணத்தைத் தொட்டால் தீட்டு, பிறகு பலிபீடத்தை அணுக இயலாது என்று அவருக்காக வாதாடும் விரிவுரைகள் உண்டு. லேவியர் நூலின் சட்டம் (21:1-3) எவ்விடத்தும் குருவைக் கட்டுப்படுத்தும்தான். ஆனால் காத்திருக்கும் பலி என்ற சாக்கு, சாலையின் சரிவிலேயே உருண்டு போய்விடுகிறது. பணி முடிந்தது, வீடு நோக்கி நடக்கிறார், விலகிப் போகிறார். நம் மொழிபெயர்ப்பில் அவருக்கும் 'குரு' என்பதே பெயர். திருப்பலி முடித்துப் பீடத்தினின்று இறங்கும் நம்மை அச்சொல் சும்மா விடுவதில்லை. இதை நமக்குச் சுட்டுவது உவமை மட்டுமன்று, அந்த மலைச்சரிவும்தான்.

குளிரூட்டிய பேருந்தில் அரைமணிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அச்சரிவைக் கடக்கும் திருப்பயணிக்கு இது தென்படுமா என்பது ஐயமே. ஊரைவிட்டு அகலாத முதியவள், ஒரு நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு லூக்காவைப் படித்தால் தென்படலாம்.

இனி இறுதி இரவு. இயேசு கெதரோன் நீரோடையைக் கடந்தார் என்கிறார் யோவான் (18:1). அவர் கையாளும் சொல் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடையைக் குறிப்பது. அதைத் தாண்டினால் ஒலிவமலையின் அடிவாரம், கெத்சமனி. மலையுச்சி தொலைவில் இல்லை. உச்சியைக் கடந்தால் மறுபக்கம் யூதேயப் பாலைநிலம் தொடங்கிவிடும். அப்சலோமுக்கு அஞ்சிய தாவீது இதே ஓடையைக் கடந்து, இதே மலையில் அழுதுகொண்டே ஏறி, அந்தப் பாலைக்குள் தப்பினார் (2 சாமு 15). பாஸ்கா என்பதால் முழுநிலவுக் காலம். ஓடைக்கு அப்பால் தீப்பந்தங்களுடன் படைவீரர் வருவது தோட்டத்திலிருந்து முன்னரே தெரிந்திருக்கக்கூடும். சீடர்கள் உறங்குகிறார்கள். பின்னால் மலைப்பாதை திறந்தே கிடக்கிறது. அவர் எழுந்து, பாதையின் பக்கம் அன்று, பந்தங்களின் பக்கம் நடக்கிறார்.