பிழைத்தவளின் முகம்

சிறுவயதில் புற்றுநோய் வந்து பிழைத்த பெண்ணிடம் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: “இப்போது சரியாகிவிட்டதா?” அந்தக் கேள்வி போதாது என்று காட்டும் புத்தகம், லூசி கிரீலியின் தன்வரலாறான ‘ஆட்டோபயாகிராஃபி ஆஃப் எ ஃபேஸ்’ (1994).

கிரீலி டப்ளினில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கவிஞர். ஒன்பது வயதில் தாடையில் எவிங் சார்கோமா வந்தது. தாடையின் ஒரு பகுதியை அகற்றினார்கள். கதிர்வீச்சும் இரண்டரை ஆண்டு கீமோதெரபியும் நடந்தன. மருத்துவக் கணக்கில் அது வெற்றி. ஆனால், கதிர்வீச்சு பட்ட இடத்தில் ஒட்டவைத்த எலும்பு நிலைக்காமல் கரைந்தது. முகத்தைச் சீராக்க அறுவை மேல் அறுவை. புற்றுநோயைவிடத் தன்னை அழகற்றவளாக உணர்ந்ததே பெரிய வேதனை என்கிறார் கிரீலி. ஹாலோவீன் நாளில் முகமூடிக்குள்தான் அந்தச் சிறுமிக்கு விடுதலை கிடைக்கிறது.

இந்நூலைப் பல ஆண்டுகள் துணிச்சலின் கதையாகவே வகுப்பில் பேசிவந்தேன். ஒருநாள் வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவி தயங்கி நின்றாள். ஆறு வயதில் அவளுக்கு ரத்தப் புற்றுநோய். “வரன் பேசுறப்ப இதப் பத்தி வாயத் திறக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க மேடம்.”

அன்றிரவு மறுபடி படித்தேன். கீமோதெரபியின்போது அழக்கூடாது என்று கிரீலியின் அம்மா சொல்லும் பகுதியை அதுவரை தைரியம் என்று வாசித்திருந்தேன். இப்போது அது வாயடைப்பாகத் தெரிந்தது. இரண்டு அம்மாக்களும் அன்பால்தான் சொல்கிறார்கள். மகளின் நோயை மகளே சுமக்க வேண்டியதாகிறது.

இந்த மௌனம் மனதோடு நிற்பதில்லை. வட அமெரிக்காவில் சிறுவயதுப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களைத் தொடர்ந்து கவனிக்கும் பெரிய ஆய்வு தொடங்கியதும் அதே 1994இல்தான். நோய் கண்டறிந்து 30 ஆண்டுகளுக்குள் அவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு நாள்பட்ட உடல்நலக் குறைபாடு ஏதேனும் வருகிறது என்று 2006இல் அது வெளியிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கே ஆபத்து அதிகம். சில கீமோ மருந்துகள் இதயத்தைப் பலவீனப்படுத்தும். அது கர்ப்பகாலத்தில் வெளிப்படலாம். பழைய நோயை மறைத்துக் கல்யாணமாகிப் போகிறவள், பிரசவம் பார்க்கும் மருத்துவரிடமும் அதை மறைத்தாக வேண்டும். குடும்ப மானம் அவள் உயிரைப் பணயம் வைக்கிறது.

நூலின் முடிவில் எனக்கு நிறைவில்லை. தன் முகத்தோடு சமாதானமாகும் இடத்தில் கிரீலி நிறுத்திக்கொள்கிறார். வாழ்க்கை அங்கே நிற்கவில்லை. அறுவைகள் தொடர்ந்தன. 2002இல், 39 வயதில், ஹெராயின் அளவு மீறி இறந்தார். இதை வைத்து அவர் தோற்றார் என்று சொல்ல மாட்டேன். பிழைத்தவள் நமக்கு நம்பிக்கையூட்டும் கதையாகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமே, அதுவும் ஒரு முகமூடிதான்.

அந்த மாணவிக்கு இந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். கூடவே, எந்தெந்த மருந்து, எவ்வளவு கொடுத்தார்கள் என்றிருக்கும் பழைய சிகிச்சைக் கோப்பை அம்மாவிடமிருந்து வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவளுடைய தன்வரலாற்றின் முதல் அத்தியாயம் அது.